'சிஸ்டர்' என்று கூப்பிட்டால் போதுமா?

1/ நெய்வேலியிலிருந்து பண்ருட்டி போனால், ஊரை ஒட்டியே திருவதிகை. சூலை நோயில் துடித்த தம்பி, அக்கா திலகவதியாரைத் தேடி இங்கேதான் வந்தார் என்கிறது பெரியபுராணம். அக்கா திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துப் போனார், வலி தீர்ந்தது. அந்தத் தம்பிதான் அப்பர்.

2/ அது கூடப்பிறந்த பாசம். அங்கே சம்பளப் பேச்சு இல்லை. ஆனா வார்டில் நாம 'சிஸ்டர்'னு கூப்பிடுறவங்க படித்து, பதிவு செய்து வேலைக்கு வந்தவங்க. வேலூர் சி.எம்.சி.யில் 1946லேயே நர்சிங் பட்டப்படிப்பு வந்தாச்சு.

3/ 2015ல் தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். பலருக்கு நடக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டம். 'சேவை செய்றவங்க ஸ்ட்ரைக் பண்ணலாமா?' என்ற கேள்வியும் வந்தது.

4/ நான் மருந்து எழுதிட்டு அடுத்த வார்டுக்குப் போயிடுவேன். விடியும்வரை நோயாளி பக்கத்தில் நிற்பது அவங்கதான்.

5/ வேலைக்குச் சேரப்போற தங்கைகளே, தம்பிகளே: நியமன ஆணை கையில் வாங்குங்க. சம்பளம், டூட்டி நேரம் எழுத்தில் இருக்கட்டும். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீங்க. கவுன்சில் பதிவு முக்கியம்.

6/ அன்போடு கவனிங்க. கூலியைக் கேட்டும் வாங்குங்க. இரண்டும் சேர்ந்ததுதான் இந்தத் தொழில்.