எட்டாயிரம் பேருக்கு அரை டஜன் ஜெட்: நவூரு விமான நிறுவனத்தின் கதை

உலக வரைபடத்தில் நவூருவைத் தேடினால் சட்டென்று கண்ணில் படாது. பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, பேனா முனை தவறிப் பட்ட மாதிரி ஒரு புள்ளி. பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றி ஓடும் சாலையின் நீளம் 19 கிலோமீட்டர்தான். சைக்கிளில் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம்! பக்கத்துத் தீவு என்று சொல்லக்கூடிய பனாபா 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

இந்தப் புள்ளிக்கு 1980களில் அரை டஜன் போயிங் ஜெட் விமானங்கள் இருந்தன. மக்கள்தொகை அப்போது சுமார் 8,000. வேலைக்கு வந்த வெளியாட்களைக் கழித்தால் நவூருக்காரர்கள் 5,000 பேர்கூட இல்லை. ஒரு விமானத்துக்கு நூறு இருக்கை என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், நாட்டில் பதின்மூன்று பேருக்கு ஒருவரை ஒரே நேரத்தில் வானத்தில் வைத்திருக்கலாம். உலகத்தில் வேறெந்த நாடும் இப்படி ஒரு கணக்கைக் காட்டியிருக்குமா என்பது சந்தேகமே.

பணம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்துதான். சிட்னியில் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க நவூருவிலிருந்து வந்த ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் அதைச் சோதித்துப் பார்த்தால், அது உயர்தரமான பாஸ்பேட்! இது 1899-1900 வாக்கில் நடந்தது. சில வருடங்களில் தோண்ட ஆரம்பித்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் அது உரமாகப் போனது. தீவுக்காரர்களுக்குக் கிடைத்தது சில்லறை.

1968 ஜனவரி 31 அன்று நவூரு சுதந்திரம் பெற்றது. 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சுரங்கத்தைத் தன் வசமாக்கிக்கொண்டது. அதன்பிறகு கொட்டியது பணம். வருமான வரி கிடையாது. ஆள் வீதம் பார்த்தால் உலகின் பெரும் பணக்கார நாடுகளில் ஒன்று. மெல்போர்னில் 1977ல் 52 மாடியில் 'நவூரு ஹவுஸ்' எழும்பியது (அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் பறவை எச்சக் கோபுரம்! பாஸ்பேட் பறவை எச்சத்திலிருந்து வந்தது என்பதால்).

இந்தப் பணத்தில்தான் ஏர் நவூரு பிறந்தது. 1970ல் ஒரே ஒரு ஃபால்கன் 20. பணக்காரர்கள் வைத்துக்கொள்ளும் குட்டி ஜெட் அது. அடுத்து ஃபோக்கர் எஃப்28, 1970களின் நடுவில் போயிங் 737, அப்புறம் 727 என்று வளர்ந்துகொண்டே போனது. மெல்போர்ன், ஆக்லாந்து, குவாம், மணிலா, ஹாங்காங், ஜப்பானின் ககோஷிமா... இப்படி நீண்டது பாதை. நீலத்தையும் மஞ்சளையும் தாங்கிய விமானங்கள். நவூருவின் கொடியே அதுதான்: நீலக் கடல், குறுக்கே நிலநடுக்கோடாக ஒரு மஞ்சள் பட்டை, அதற்குச் சற்றுக் கீழே பன்னிரண்டு முனை நட்சத்திரம். முனைக்கு ஒரு குலம் என்று தீவின் பன்னிரண்டு குலங்கள்.

விமானங்கள் போயின, வந்தன. ஆனால் ஆள் ஏறவில்லை! பாதிக்கும் மேல் காலி இருக்கைகளோடுதான் பெரும்பாலும் பறந்தன. கட்டணத்தையும் செலவுக்குக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைத்தே வைத்திருந்தார்கள். விமானிகள் வெளிநாட்டுச் சம்பளக்காரர்கள், பழுதுபார்ப்பதும் வெளிநாட்டில். ஆட்சியில் இருந்தவர்கள் நினைத்த நேரத்துக்கு விமானத்தைத் தங்கள் பயணத்துக்கு எடுத்துக்கொண்டு போக, டிக்கெட் வாங்கியவர்கள் நிலையத்தில் காத்துக் கிடந்தார்கள் என்றும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. நஷ்டம் வருடா வருடம் ஏறியது. பாஸ்பேட் பணம் அதை அடைத்தது.

இந்த இடத்தில் எல்லாரும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, 'காசு வந்ததும் தலைகால் புரியாமல் ஆடினார்கள்' என்று முடித்துவிடுவார்கள். ஆட்டமே இல்லை என்று சொல்ல முடியாதுதான். 1993ல் லண்டனில் லியனார்டோ டா வின்சியைப் பற்றிய ஓர் இசை நாடகத்துக்குப் பணம் போட்டு, அது படுதோல்வி அடைந்து, அத்தனையும் போயிற்று. அதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது. ஆனால் விமானத்தையும் அதே கணக்கில் சேர்ப்பது சரியா?

அதற்கு முதல் அதிபர் ஹேமர் டிராபர்ட்டின் வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1942 ஆகஸ்டில் ஜப்பான் படைகள் நவூருவைப் பிடித்தன. தீவில் விமான ஓடுபாதை போட்டார்கள், கட்டாய வேலை வாங்கித்தான். அடுத்த வருடம் சுமார் 1,200 நவூருக்காரர்களைக் கப்பலில் ஏற்றி வெகுதூரத்தில் இருந்த ட்ரக் தீவுகளுக்கு (இன்றைய சூக்) கொண்டுபோனார்கள். பட்டினி, நோய், குண்டுவீச்சு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே இறந்துபோனார்கள். மிஞ்சிய 737 பேர் ஊர் திரும்பிய நாள் 1946 ஜனவரி 31. சுதந்திர நாளாக அதே ஜனவரி 31ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான். ட்ரக்குக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் டிராபர்ட்டும் ஒருவர்.

அத்தோடு முடியவில்லை. தோண்டித் தோண்டித் தீவு வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று 1960களில் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது: குயின்ஸ்லாந்து கரையோரம் உள்ள கர்டிஸ் தீவுக்கு எல்லாரும் குடிபெயர்ந்துவிடுங்கள் என்று. தனி நாடாக இருக்க முடியாது, ஆஸ்திரேலியர்களாக வாழலாம். நவூரு 1964ல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தப் பேச்சுவார்த்தைகளிலும் முன்னால் நின்றவர் டிராபர்ட்.

ஒருமுறை துப்பாக்கி முனையிலும், இன்னொருமுறை இனிப்பான பேச்சாலும் 'ஊரை விட்டுக் கிளம்பு' என்று கேட்ட மக்கள் அவர்கள். போவதும் வருவதும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் அதில் என்ன ஆச்சரியம்? இயற்கையான துறைமுகமும் கிடையாது. சுற்றிலும் பவளப்பாறை. வானம்தான் வாசல். தீவின் முதல் ஜெட்டை வெறும் பகட்டு என்று எழுதிவிட முடியாது. ஏழாவது எட்டாவது ஊருக்கெல்லாம் பறந்ததை வேண்டுமானால் பகட்டு எனலாம்.

பகட்டுக்கான பில் வந்தே தீரும், வந்தது. 1988ல் விமானிகளோடு தகராறு, வேலைநிறுத்தம், பறக்கத் தடை என்று நிறுவனம் ஆட்டம் கண்டது. நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்பட்ட பாஸ்பேட் அறக்கட்டளை நிதி, தவறான முதலீடுகளிலும் மோசடிகளிலும் கரைந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் பாஸ்பேட்டும் ஏறக்குறைய தீர்ந்தது. தீவின் நடுப்பகுதி முழுக்க பல்வரிசை மாதிரி சுண்ணாம்புக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும் பொட்டல். விமானங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு, கடைசியில் மிஞ்சியது ஒன்று, ஒரு போயிங் 737-400. அதுவும் அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடனில் இருந்தது. 2004ல் நவூரு ஹவுஸ் கைமாறியது. 2005 டிசம்பரில் மெல்போர்னில் வைத்து அந்தக் கடைசி விமானத்தையும் பறிமுதல் செய்துவிட்டார்கள்.

கடனைக் கட்டாதவன் காரை எடுத்துப் போவது மாதிரிதான் இதுவும். ஆனால் அந்தக் கார் போனால் வீட்டுக்கு வாசலே இல்லை என்றால்? தீவில் செய்ய முடியாத சிகிச்சைக்கு ஆஸ்திரேலியா போகவேண்டிய நோயாளி, வெளியூரில் படிக்கும் பிள்ளை, கடிதம், மருந்து என எல்லாமே அந்த ஒரே விமானத்தை நம்பியிருந்தன. பக்கத்து நாடான கிரிபாட்டியின் தலைநகர் டராவாவும் அதே விமானத்தை நம்பியிருந்தது. நஷ்டக் கணக்கில் மட்டுமே பார்த்து வந்தவர்களுக்கு, அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது.

காப்பாற்றியது தைவான். நவூரு 2002ல் தைவானைக் கைவிட்டு பெய்ஜிங் பக்கம் போயிருந்தது, 2005 மே மாதத்தில் திரும்பி வந்தது. அந்த உறவின் பலனாக ஒரு பழைய 737-300 கிடைத்தது. 2006ன் பிற்பகுதியில் 'அவர் ஏர்லைன்', அதாவது 'நம்ம விமானம்' என்ற புதுப் பெயரில் மறுபடியும் பறக்கத் தொடங்கியது. 2014ல் பெயர் நவூரு ஏர்லைன்ஸ் ஆயிற்று. (2024 ஜனவரியில் நவூரு மறுபடியும் பெய்ஜிங்கோடு கைகோத்துக்கொண்டது தனிக்கதை. விற்பதற்கு மண் தீர்ந்த நாட்டிடம் ஐ.நா. வாக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது!)

இரண்டாவது வருமானம் இதைவிட மனதை உறுத்துவது. 2001ல் இருந்து, படகில் வரும் அகதிகளைத் தன் மண்ணில் ஏற்காமல் நவூருவில் அடைத்து வைக்க ஆஸ்திரேலியா பணம் கொடுத்தது. 2008ல் மூடிய முகாம் 2012ல் திரும்பத் திறந்தது. அதிகாரிகள், காவலர்கள், வக்கீல்கள், மருத்துவர்கள் என்று ஆள் போக்குவரத்து கூடியது. 2007ல் அங்கே அனுப்பப்பட்டவர்களில் இலங்கையிலிருந்து வந்த 80க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் தமிழ் இளைஞர்கள். 2014ல் புதுச்சேரியிலிருந்து படகில் கிளம்பிய 157 தமிழர்கள், குழந்தைகள் உட்பட, வாரக்கணக்கில் கடலில் கப்பலில் வைக்கப்பட்டுப் பிறகு நவூருவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தன் மக்களை வேறு தீவுக்கு அனுப்பும் யோசனையை மறுத்த நாடு, வேறு மக்களைக் கேட்காமல் கொண்டுவந்து இறக்கும் தீவாகிவிட்டது.

நிறுவனத்தின் தலைமையகம் பிரிஸ்பேனில் இருக்கிறது. விமானங்களின் பதிவும் ஆஸ்திரேலியாவில்தான். கொடி நவூருவுடையது. தீவில் ஓடுபாதை ஒன்றே ஒன்று, 1940களில் கட்டாய வேலையில் போடப்பட்ட அதே இடத்தில். வானிலை மோசமானால் திருப்பிவிட டராவா இருக்கிறது, 700 கிலோமீட்டர் தள்ளி. அதற்கும் சேர்த்து எரிபொருள் ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஓடுபாதையை ஒட்டிப் போவது தீவைச் சுற்றும் அந்த 19 கிலோமீட்டர் சாலை. விமானம் இறங்கும்போது அங்கே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள்.