கடன் முடியறதுக்குள்ள கம்ப்யூட்டர் செத்துட்டா?

இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் லேப்டாப் வாங்கறதுக்காக அம்மாவோட சங்கிலியை அடகு வெச்சோம். வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வெச்சுக்கிட்டே வந்தார் அப்பா. கடைசி வருஷம், சரியா ப்ராஜெக்ட் நேரத்துல லேப்டாப் மண்டையைப் போட்டுடுச்சு. சங்கிலி வீட்டுக்கு வந்ததோ நான் வேலைக்குப் போய் ஆறு மாசம் கழிச்சு. ஆக கிட்டத்தட்ட ஒரு வருஷம், இல்லாத பொருளுக்கு வட்டி கட்டியிருக்கோம்.

இதே சிக்கல் ஒரு மாநில அரசாங்கத்துக்கே வந்தா என்ன பண்ணும்? அந்தக் கதைதான் இது. இடம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி. ஆணி பிடுங்கும் நம்ம சங்கத்துக்கு ரொம்பப் பழக்கமான ஊருதான் :)

அந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தில் ஒரு கடிவாளம் இருக்கு. வருஷ பட்ஜெட் ஒதுக்கீட்டில் 1 சதவீதத்துக்கு மேல் அரசு கடன் வாங்கணும்னா, பொதுத்தேர்தலில் மக்கள்கிட்ட கேட்டு 'சரி' வாங்கியாகணும் (போர், பேரிடர் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு). அப்படிக் கேட்டு 1988-இல் 35 கோடி டாலருக்கு ஒரு கடன் பத்திரத் திட்டம் வந்தது. வேலைவாய்ப்பு, கல்வி, போட்டித்திறன்னு பெரிய பெயர். கல்லூரிக் கட்டடங்களுக்கும் அதில் பங்கு. அதுக்கப்புறம் உயர்கல்விக்காக மக்கள்கிட்ட ஓட்டு கேட்கவே 24 வருஷம் ஆச்சு.

சரி, நடுவுல என்ன ஆச்சு? 1990-கள் வந்தது. கம்ப்யூட்டர், நெட்வொர்க், இன்டர்நெட் எல்லாம் சேர்ந்து வந்தது. பெஞ்சும் கரும்பலகையும் மட்டும் வெச்சுக்கிட்டு எந்தக் கல்லூரியும் காலம் தள்ள முடியாத நிலைமை.

அங்கே 1966-இலேயே கல்லூரிகளுக்குக் கடன் திரட்டித் தர்றதுக்குன்னு கல்வி வசதிகள் ஆணையம் ஒண்ணை உருவாக்கியிருந்தாங்க. அது மூலமா புதுசா வழி பண்ணினாங்க. 1993-இல் கருவிக் குத்தகை நிதி: எந்த நேரத்திலும் நிலுவை 10 கோடி டாலருக்கு மேல் போகக்கூடாது. ஆய்வகக் கருவி, கம்ப்யூட்டர் மாதிரி சாமான்களுக்கு. திருப்பிக் கட்டுறதில் கால் பங்கு கல்லூரியோடது, மீதி அரசோடது. 1997-இல் உயர்கல்வித் தொழில்நுட்பக் கட்டமைப்பு நிதி: 5.5 கோடி டாலர். நெட்வொர்க் போடவும் கல்லூரிகளை ஒண்ணோட ஒண்ணு இணைக்கவும். அரசு எவ்வளவு தருதோ அதே அளவு கல்லூரியும் போடணும். 1999-இல் கட்டட மராமத்து மாதிரி மூலதன வேலைகளுக்கு 55 கோடி டாலர்.

மூணுக்கும் மக்கள்கிட்ட ஓட்டு கேட்கலை. எப்படி? கடன் வாங்குறது அரசு இல்லையாம், ஆணையமாம். அரசு 'வருஷா வருஷம் பட்ஜெட்டில் ஒதுக்கித் தர்றேன்'னு மட்டும் சொல்லும். சட்டப்படி பார்த்தா அரசுக்குக் கடனே கிடையாது. நம்ம ஊர்ல மச்சான் பேர்ல லோன் போட்டு நாம தவணை கட்டுற மாதிரி!

'இது போங்காட்டம்'னு கோர்ட்டுக்குப் போனார் ஸ்டீவ் லோனகன். போகோட்டாங்கிற சின்ன ஊரின் மேயர். 2003-இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில், இப்படிக் கடன் வாங்குறது செல்லும்னு சொல்லிடுச்சு. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம். ஆனா 2008 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்தைத் திருத்தினாங்க: பட்ஜெட் ஒதுக்கீட்டை மட்டும் நம்பி இனிமே புதுசாக் கடன் வாங்க அனுமதி கொடுக்கணும்னா, எங்களைக் கேளு.

இதெல்லாம் படிச்சப்போ முதல்ல எனக்கும் லோனகன் பக்கம்தான் நியாயம்னு தோணுச்சு. இப்பவும் தோணுது. ஆனா இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பக்கவாட்டுக் கதவு வழியா வந்த அந்தக் கருவி நிதியில் கடன் காலம் சுமார் 10 வருஷம்தான். வழக்கமான கட்டடக் கடன் 20 வருஷம், அதுக்கு மேலயும் போகும். கட்டடம் ஐம்பது வருஷம் நிக்கும், தாங்கும். நெட்வொர்க் ஸ்விட்ச் தாங்குமா? சுவருக்குள்ள போற ஃபைபர் கேபிள் இருபது வருஷம் உழைக்கும், அதன் ரெண்டு முனையிலும் இருக்கிற பெட்டி ஏழு வருஷம் ஓடினாலே பெரிசு. ரெண்டையும் ஒரே நீளக் கடனில் வாங்கினா, இன்னிக்குப் பிறக்கிற குழந்தை பட்டம் வாங்குற வரைக்கும் செத்துப்போன பெட்டிக்கு வரி கட்டணும். கருவிக்குத் தனிக் கடன், குட்டையான கடன்னு பிரிச்சதில் ஒரு விவரம் இருக்கத்தான் செய்யுது.

கடைசியா 2012 நவம்பர் 6-ஆம் தேதி மறுபடியும் மக்கள் முன்னாடி வந்தாங்க. இந்தத் தடவை 75 கோடி டாலர். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களுக்கு 30 கோடி, மாநிலக் கல்லூரிகளுக்கு 24.75 கோடி, கவுன்ட்டி கல்லூரிகளுக்கு 15 கோடி, தனியாருக்கு 5.25 கோடி. 100 கோடி டாலருக்கு மேல் அறக்கட்டளைச் சொத்து வெச்சிருக்கிற தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஒண்ணும் கிடையாது (பிரின்ஸ்டன், கிளம்பு காத்து வரட்டும்). ஒவ்வொரு திட்டத்திலும் கால் பங்கு செலவைக் கல்லூரி போடணும்.

அந்தத் தேதியைக் கவனிங்க. எட்டே நாள் முன்னாடிதான் சாண்டி புயல் நியூ ஜெர்சி கரையில் ஏறியிருந்தது. பல ஊரில் கரண்ட் இல்லை. வீட்டை விட்டு வெளியேறினவங்க ஈமெயிலில் ஓட்டுப் போடலாம்னு அறிவிச்சாங்க. சில தேர்தல் அலுவலகங்களில் மெயில் பெட்டியே நிரம்பி வழிஞ்சு, கெடுவை வெள்ளிக்கிழமை வரைக்கும் நீட்டிக்க வேண்டியதாப் போச்சு. அந்த நிலைமையிலும் ஜனங்க 'சரி'ன்னுதான் சொன்னாங்க. 2013-இல் இந்தப் பணத்தோட பழைய நிதிகளையும் தூசி தட்டிச் சேர்த்து சுமார் 130 கோடி டாலர் அளவுக்குப் பட்டியல் போட்டாங்க. அதில் 1997-இன் தொழில்நுட்ப நிதியும் இருந்தது.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். பொதுக்கடன்னா ரெண்டு கேள்வி கேட்கணும். யாரைக் கேட்டு வாங்கினே? வாங்கின பொருள் கடனை விட அதிக நாள் இருக்குமா? நியூ ஜெர்சி 1993-இல் ரெண்டாவது கேள்விக்கு ஓரளவு பதில் வெச்சிருந்தது, முதல் கேள்வியை முழுங்கிடுச்சு. முதல் கேள்வியை மக்கள் 2008-இல் பிடுங்கித் தங்கள் கையில் வெச்சுக்கிட்டாங்க.

எங்க வீட்டில் முதல் கேள்வியில் பிரச்சினை இல்லை. அம்மாவே கழட்டிக் கொடுத்தாங்க. ரெண்டாவதைத்தான் யாரும் கேட்கலை.

டிஸ்கி: இப்ப இதைத் தட்டுற லேப்டாப் ரொக்கம் கொடுத்து வாங்கினது :)