நஃபகாவின் எல்லை எது?

பெற்ற பிள்ளைக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பது தந்தையின் கடமை என்பதில் எச்சமயத்தாரிடையேயும் கருத்து வேற்றுமை இல்லை. அக்கடமை எந்நாளில் முடிகிறது என்று வினவும்போதுதான் வேற்றுமை தோன்றுகிறது. தாயும் தந்தையும் பிரிந்து வாழும் இல்லங்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பிள்ளை மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் வயதும், ஜீவனாம்சம் நிற்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. ஆதலின் இவ்வெல்லையின் வரலாற்றை அறிந்திருத்தல் நம் குடும்பங்களுக்கு நலம் பயக்கும்.

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. கணவர் போதிய பொருள் தருவதில்லை என்று ஹிந்த் பின்த் உத்பா (ரலி) முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி புகாரீயில் உள்ளது. இங்கே அளவுகோல் தேவையே.

ஃபிக்ஹு மேதைகளும் இவ்வழியே சென்றனர். சொந்தப் பொருளில்லாத மகனுக்கு அவன் உழைத்துப் பொருளீட்டும் ஆற்றல் பெறும்வரையிலும், மகளுக்கு அவள் மணமுடிக்கும்வரையிலும் நஃபகா உண்டு என்பது ஹனஃபீ மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் பருவமெய்துதல் எல்லையாயினும், அதன் பின்னும் உழைக்க இயலாத பிள்ளை கைவிடப்படுவதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் ஹஸ்கஃபீ, ‘துர்ருல் முக்தார்’ என்னும் நூலில், கல்வியில் ஈடுபட்டிருப்பதால் பொருளீட்ட இயலாத மாணவனையும் உரிமையுடையோர் வரிசையில் சேர்த்தார். கல்லூரி வாயிலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இஃது எத்துணைப் பொருத்தம்!

பருவத்தின் அடையாளம் வெளிப்படாதபோது வயதைக் கொண்டு முடிவு செய்வர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார். அவருடைய மாணவர் இருவரும் இமாம் ஷாஃபிஈயும் 15 என்றனர்.

இனி நாட்டுச் சட்டத்தைக் காண்போம். ஆங்கிலேயர் 1898-இல் இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு, தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத பிள்ளை என்று மட்டுமே கூறிற்று, வயதைக் குறிக்கவில்லை. உச்சநீதிமன்றம் 1969-இல் நானக் சந்த் வழக்கில், அச்சொல் வயது வந்த பிள்ளையையும் தழுவும் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் 1973-இல் வந்த புதிய சட்டத்தின் 125-ஆம் பிரிவில் ‘வயது வராத’ என்னும் சொல் புகுந்தது. 1875-ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு 18 என்று பொருள். அதற்குமேல், உடல் அல்லது மனக் குறையால் இயலாதவருக்கே வழி திறந்திருந்தது. அவருள்ளும் மணமான மகளுக்கு இல்லை.

1986-இல் முஸ்லிம் பெண்கள் சட்டம் வந்தபின் வேறொரு குழப்பம் எழுந்தது. குழந்தை பிறந்து ஈராண்டு வரை பராமரிப்புச் செலவு தருமாறு அச்சட்டம் கூறியதைக் கொண்டு, பிள்ளையின் உரிமையே ஈராண்டோடு முடிகிறது என்று சிலர் வாதிட்டனர். பீகாரைச் சேர்ந்த நூர் சபா கத்தூன் வழக்கில் 1997-இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. ஈராண்டு தாயின் உரிமை. பிள்ளையின் உரிமை தனியானது. மகன் வயது வரும்வரை அல்லது தானே சம்பாதிக்கும்வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை. மகளுக்கோ அவள் மணமுடிக்கும்வரை என்று அது தீர்த்தது. ஷரீஅத்தின் குரலே அத்தீர்ப்பில் ஒலித்தது எனலாம்.

2020-இல் அபிலாஷா என்னும் ஹிந்துப் பெண்ணின் வழக்கில் அதே நீதிமன்றம், வயது வந்த மகள் 125-ஆம் பிரிவின்கீழ்க் கோர இயலாது. 1956-ஆம் ஆண்டின் ஹிந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ்க் கோரலாம் என்று கூறியது.

இதன் விளைவை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் கொல்லிமலையில் செம்மேடு உள்ளது. அங்கே ஒரு வகுப்பில் மூன்று மாணவியர் படிப்பதாகக் கொள்வோம். மூவருக்கும் 18 நிரம்புகிறது. ஹிந்துப் பெண்ணுக்கு 1956-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. முஸ்லிம் பெண்ணுக்கு, நஃபகாவையும் தன்னுள் அடக்கிய 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் உண்டு. அம்மலைக்கே உரிய மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கோ? மத்திய அரசு அறிவித்தாலன்றி, 1956-ஆம் ஆண்டின் சட்டம் பட்டியல் பழங்குடியினரைத் தொடாது. அவளுக்கு எஞ்சுவது தன் குலத்தின் வழக்காறே. பசி மூவருக்கும் ஒன்று, வழியோ மூன்று!

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 144-ஆம் பிரிவு பிள்ளையைக் குறிக்கும் இடத்தில் ‘வயது வராத’ என்னும் சொல் இல்லை. எனினும் வயது வந்தபின் குறையுற்ற பிள்ளையைப் பற்றிய விதி தனியே நிற்கிறது. சொல்லின் மறைவால் உரிமை விரிந்ததா என்பதை நீதிமன்றங்களே தெளிவாக்க வேண்டும்.

தாய்மார் இரண்டை நினைவிற் கொள்க. தாம் வாழும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். தந்தையின் ஊருக்கு அலைய வேண்டுவதில்லை. நிலுவைத் தொகையை வாரண்டு மூலம் பெற, அது சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

தந்தையருக்குக் கூறுவது ஒன்றே. மனைவியோடுள்ள பிணக்கு, பிள்ளையோடுள்ள உறவை அறுப்பதில்லை. நீதிமன்றம் 18 என்று கோடு கிழிக்கலாம். நம் இமாம்களோ பிள்ளை தன் காலில் நிற்கும் நாளையே நோக்கினர். அந்நாள் வருமுன் கையை விடுவது நமக்கு அழகன்று.