போர்த் தளபாடங்களும் பொருட்சான்றும்: ஜேர்மன் இராணுவப் பொருள்களின் காலநிர்ணயம் பற்றிய சில சிந்தனைகள்

1

அண்மைக்கால வரலாற்றை ஆராய்வோர் எழுத்தாவணங்கள் பெருந்தொகையாகக் கிடைக்கும் காரணத்தாற் பொருட்சான்றுகளைப் பெரும்பாலும் இரண்டாந்தரமாகவே கொள்வர். பானையோட்டையும் ஈமத்தாழியையும் தொல்லியலாளன் எவ்வளவு நுணுக்கமாக ஆராய்கின்றானோ, அவ்வளவு நுணுக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைப் பொருள்களுக்குக் காட்டப்படுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பியிருப்போர் சேகரிப்பாளரும் வியாபாரிகளுமே. இரண்டாம் உலக யுத்தகால ஜேர்மன் இராணுவத்தின் தலைக்கவசம், சீருடை, பதக்கம், றைபிள் ஆகியவற்றுள் உண்மையானது எது, போருக்குப் பின் செய்யப்பட்டது எது என்ற வினாவுக்கு விடை காணும் நுண்ணறிவு இன்று மிகப் பெருமளவிற்குச் சந்தையின் வசமேயுள்ளது. அவ்வறிவை வரலாற்றாராய்ச்சிக்குரியதாக மீட்டெடுப்பது எவ்வாறு என்பதைச் சில எடுத்துக்காட்டுகள் வாயிலாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு தெளிவு அவசியம். ‘போலி’ என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு வகைப்பட்ட பொருள்கள் சுட்டப்படுகின்றன. போருக்குப் பிந்திய அரசுகள் தமது படைகளுக்கெனப் பழுதுபார்த்தோ புதிதாகவோ ஆக்கியவை ஒரு வகை. திரைப்படத்திற்கும் நாடகத்திற்கும் செய்யப்பட்ட படிகள் இன்னொரு வகை. ஏமாற்றும் நோக்குடன் ஆக்கப்பட்டவை மூன்றாவது வகை. முதலிரு வகைகளையும் மோசடி எனக் கூறுதல் பொருந்தாது. அவை மோசடியாவது, பிறிதொன்றின் பெயரால் விற்கப்படும்போதாகும். எனவே போலித்தன்மை என்பது பொருளில் மாத்திரம் உறைந்திருக்கும் பண்பன்று; பரிவர்த்தனையின்போது ஏற்படும் உறவு எனலாம்.

2

சுவடி ஆராய்ச்சியிற் பயிற்சியுடையோர் அகச்சான்று, புறச்சான்று என்ற பாகுபாட்டை நன்கறிவர். அதே முறையியல் இங்கும் பயன்படும். ஜேர்மன் உருக்குத் தலைக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். 1935ஆம் ஆண்டு மாதிரியிற் காற்றுத் துளைகளுக்குத் தனியாக வளையங்கள் செய்து பொருத்தப்பட்டன. விளிம்பு உட்புறமாகச் சுருட்டப்பட்டது. 1940இல் அவ்வளையங்கள் கைவிடப்பட்டு, துளையின் விளிம்பு கவசத் தகட்டிலேயே அழுத்தி ஆக்கப்பட்டது. 1942இல் விளிம்பைச் சுருட்டும் வேலையும் நிறுத்தப்பட்டு, வெட்டிய விளிம்பு வெளிநோக்கி விரிந்தவாறே விடப்பட்டது. இவை ஒவ்வொன்றும் உற்பத்தியில் ஒரு செய்முறைப் படியைக் குறைத்தன.

இனி, கவசத்தின் பக்கத்தில் ஒட்டப்பட்ட கறுப்பு, வெள்ளை, சிவப்பு மூவர்ணக் கேடயச் சின்னம் 1940இல் நீக்கப்பட்டது; தரைப்படையின் கழுகுச் சின்னமும் 1943இற் கைவிடப்பட்டது. ஆகவே, சுருட்டப்படாத விளிம்புடைய கவசமொன்றில் மூவர்ணச் சின்னம் காணப்படுமாயின், அப்பொருளின் இரு கூறுகள் வெவ்வேறு காலங்களைப் பேசுகின்றன என்பது தெளிவு. சின்னம் பிற்காலத்தில் ஒட்டப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் இங்கு நியாயமாகவே எழும். ஒரு செய்யுளின் மொழிவழக்கு அதன் ஆசிரியருக்குரியதாகக் கூறப்படும் காலத்துடன் முரணும்போது இடைச்செருகலை நாம் ஐயுறுவதும் இவ்வாறே.

சீருடையின் வரலாறும் இதனை ஒத்ததே. 1936ஆம் ஆண்டு மேற்சட்டை கரும்பச்சைக் கழுத்துப்பட்டியும் மடிப்பு வைத்த பைகளும் உடையது. போர் தொடங்கியபின் கழுத்துப்பட்டியும் சட்டையின் சாம்பற் பச்சைத் துணியிலேயே தைக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு மாதிரியிற் பைகளின் மடிப்புகள் மறைந்தன. 1944ஆம் ஆண்டு மாதிரி இடுப்பளவே நீளமுடையதாகக் குறுகியது. கம்பளியின் பங்கு குறையக் குறைய, மரக்கூழிலிருந்து பெறப்பட்ட செயற்கை இழையின் பங்கு கூடியது. பதக்கங்களிலும் போரின் தொடக்கத்தில் விளங்கிய செப்புக் கலப்புலோகத்தின் இடத்தை நாகம் பிடித்துக்கொண்டது.

இம்மாற்றங்களைச் சேகரிப்பாளர் ‘மாதிரி வேறுபாடுகள்’ எனப் பட்டியலிடுவதோடு அமைவர். வரலாற்று மாணவனுக்கோ இவை ஒரு பொருளாதாரத்தின் நாட்குறிப்பாகும். மூலப்பொருட் பற்றாக்குறையும், ஆளணிப் பற்றாக்குறையும், உற்பத்தியை விரைவுபடுத்தும் நெருக்கடியும் ஒரு சட்டைப்பையின் மடிப்பில் எழுதப்பட்டுள்ளன. வெற்றியைப் பறைசாற்றிய பிரசாரம் மறைக்க முயன்றதைப் பண்டத்தின் தரம் வெளிப்படுத்திவிடுகின்றது. இத்தேய்வைப் பின்பற்ற வேண்டிய தேவை பிற்காலப் படிகளைச் செய்வோருக்கு இருக்கவில்லை. இதனால், 1944ஆம் ஆண்டுக்குரியதெனக் கூறப்படும் பொருள் அளவுக்கு மீறிச் செப்பமாக அமைந்திருப்பதும் ஐயத்திற்குரிய ஓர் அறிகுறியாகின்றது.

3

போரின் பின் இப்பொருள்கள் அழிந்துபோய்விடவில்லை. தோற்ற படையின் ஆயுதங்களை வென்றோரும் விடுதலை பெற்றோரும் பகிர்ந்துகொண்டனர். நோர்வே, தன் மண்ணில் ஜேர்மானியர் விட்டுச்சென்ற மௌசர் றைபிள்களைத் தன் படைப்பிரிவுகளின் பெயர் பொறித்துப் பயன்படுத்தியது. பலவற்றை அமெரிக்கத் தோட்டாவுக்கேற்ப மாற்றியும் அமைத்தது. யூகோஸ்லாவியா நாஸி முத்திரைகளை அராவி நீக்கித் தனது சோஷலிசக் குடியரசின் இலச்சினையைப் பொறித்தது. சோவியத் களஞ்சியங்களிற் கைப்பற்றப்பட்ட றைபிள்கள் கழற்றப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டு, பெருக்கற்குறி போன்ற அடையாளம் இடப்பெற்றன. நாஸி ஆக்கிரமிப்பின்கீழ் இயங்கிய பேர்னோ ஆயுதத் தொழிற்சாலையின் றைபிள்கள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1948இல் இஸ்ரேலியப் படைகளைச் சென்றடைந்தன. யூத மக்களை அழித்தொழிக்க முனைந்த அரசின் முத்திரையைத் தாங்கிய ஆயுதம் யூத அரசொன்றின் படைவீரன் கைக்கு வந்த இம்முரண், ஆயுதத்திற்கெனத் தனியான கருத்துநிலை இல்லை என்பதை உணர்த்துகின்றது.

தோற்ற ஒற்றுமையை மட்டும் கொண்டு முடிவு செய்வோர் இன்னும் எளிதில் ஏமாறுவர். ஸ்பெயினின் 1942ஆம் ஆண்டுத் தலைக்கவசம் ஜேர்மன் கவசத்தைப் பெரிதும் ஒத்தது. ஆயின் அதன் முன்புறத்திற் சின்னம் பொருத்தும் பிடி காணப்படும். ஹங்கேரியின் 1938ஆம் ஆண்டுக் கவசத்திற் பின்புற வளையமொன்றுண்டு. ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு 1956இல் ஏற்றுக்கொண்ட கவசமோ, போர்க்காலத்தில் வரையப்பட்டுப் பயன்பாட்டுக்கு வராத வடிவத்திலிருந்து உருவானது. மேற்கு ஜேர்மனியின் எம்.ஜி. 3 இயந்திரத் துப்பாக்கி, போர்க்கால எம்.ஜி. 42இன் நேரடி வாரிசு, 7.92 மில்லிமீற்றர் தோட்டா 7.62 ஆகியதே முதன்மையான மாற்றம்.

பதக்கங்களின் கதை மேலும் சிந்திக்கத்தக்கது. 1957ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மன் சட்டம் போர்க்காலப் பதக்கங்களைச் சுவஸ்திகாச் சின்னம் இன்றி அணிய அனுமதித்தது. இரும்புச் சிலுவையின் நடுவே சுவஸ்திகாவுக்குப் பதிலாக மூன்று ஓக் இலைகள் இடம்பெற்றன. இவை சட்டபூர்வமான பொருள்கள், மோசடிகளல்ல. எனினும், சின்னத்தை நீக்கி விருதை நிலைநிறுத்திய இச்செயல், பாசிசத்தின் சமூக அடித்தளத்தைத் தொடாது அதன் வெளியடையாளத்தை மட்டும் அகற்றிய ஒரு காலகட்டத்தின் போக்கைத் துலக்கமாகக் காட்டுகின்றது.

4

மூன்றாவது வகையான திட்டமிட்ட மோசடிக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு 1983இல் வெளிப்பட்டது. ஸ்ருட்கார்ட் நகரில் நாஸி நினைவுப் பொருள்களை விற்றுவந்த கொன்ராட் கூயாவ், பொருள்களின் விலையை உயர்த்தும்பொருட்டு அவற்றுக்குப் பொய்ச் சான்றிதழ்களை எழுதுவதில் தேர்ந்தவர். அக்கைத்திறனே ஹிட்லரின் நாட்குறிப்புகள் எனப்பட்ட சுமார் 60 ஏடுகளாக வளர்ந்தது. ‘ஸ்ரேர்ண்’ சஞ்சிகை அவற்றுக்கென 93 இலட்சம் மார்க்கைக் கொடுத்தது. பிரித்தானிய வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-றோப்பர் முதலில் அவற்றை உண்மையென ஏற்றார். இரண்டு வாரங்களுக்குள், போருக்குப் பிந்திய வெண்மையூட்டி காகிதத்திற் கலந்திருந்தமையைச் சோதனைகள் நிறுவின. 1985இற் கூயாவும், ஏடுகளைச் சஞ்சிகைக்குப் பெற்றுக்கொடுத்த நிருபர் கேர்ட் ஹைட்மனும் சிறைத்தண்டனை பெற்றனர்.

வெண்மையூட்டி கழியூதாக் கதிரில் ஒளிரும். துணிகளுக்கும் நூலுக்கும் இச்சோதனையே இன்று பரவலாகப் பயன்படுகின்றது. ஆயின் அதனை இயந்திர ரீதியாகக் கையாளல் தகாது. உண்மையான சட்டையொன்று பிற்காலச் சலவைத்தூளிற் கழுவப்பட்டிருப்பினும் ஒளிரும். பிற்காலத்திற் செய்யப்பட்ட சட்டை பழைய நூலால் தைக்கப்பட்டிருப்பின் நூல் ஒளிராது. தனியொரு சோதனை தீர்ப்பாகாது. பொருள், செய்முறை, முத்திரை, கைமாறிய வரலாறு ஆகிய நான்கும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தல் வேண்டும்.

5

முத்திரைகளைப் பற்றிச் சிறப்பாகக் கூறவேண்டும். மௌசர் றைபிள்களில் 1934ஆம் ஆண்டு ஓர் எழுத்தாலும் 1935ஆம் ஆண்டு வேறோர் எழுத்தாலும் குறிக்கப்பட்டன. தொழிற்சாலையின் பெயருக்குப் பதிலாக இலக்கம் இடப்பட்டது. வேர்சாய் உடன்படிக்கையை மீறிய ஆயுதப் பெருக்கத்தை மறைப்பதே இதன் நோக்கம். 1940 முதல் எழுத்துக் குறியீடுகள் பரவலாயின. பின்னர் துணி, தோற் பொருள்களில் நீண்ட இலக்கங்கள் இடம்பெற்றன. சேகரிப்பாளன் இவ்விலக்கத்தைக் கண்டு மகிழ்கின்றான். அது அவனுக்கு உண்மைத்தன்மையின் உத்தரவாதம். அவ்விலக்கத்தின் பின்னால் உழைத்தோர் யாவர் என்ற வினா அவனுக்கு எழுவதில்லை.

ராவென்ஸ்பிறுக் வதைமுகாமிற் பெண் கைதிகள் எஸ்.எஸ். அமைப்பின் கம்பனிக்காகச் சீருடைகளைத் தைத்தனர். லொட்ஸ் நகரின் மூடப்பட்ட யூதக் குடியிருப்பில் ஜேர்மன் படைக்கான உடைகள் தைக்கப்பட்டன; அங்கு எஞ்சியிருந்தோருட் பெரும்பாலானோர் 1944 ஓகஸ்டில் அவுஷ்விற்ஸுக்கு அனுப்பப்பட்டனர். மெற்சிங்கன் நகரின் ஹூகோ பொஸ் நிறுவனத்திற் சுமார் 140 கட்டாயத் தொழிலாளரும் 40 பிரெஞ்சுப் போர்க் கைதிகளும் வேலை செய்தனர். சாக்சன்ஹவுசன் முகாமில், சப்பாத்தின் அடித்தோலுக்குரிய மாற்றுப் பொருள்களைச் சோதிப்பதற்காகக் கைதிகள் நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் வரை நடக்கவைக்கப்பட்டனர். ஒரு சப்பாத்து ‘உண்மையான போர்க்காலச் சப்பாத்து’ என நிறுவப்படும்போது நிறுவப்படுவது இதுவுமே.

பண்டத்தின் மாயத்தோற்றம் அதனை ஆக்கிய உழைப்பை மறைக்கின்றது என்பார் மார்க்ஸ். நாஸிப் பொருள்களின் சந்தையில் இம்மறைப்பு இரட்டிப்பாகின்றது: பண்டம் என்ற வகையில் ஒரு முறை, வீரத்தின் சின்னம் என்ற வகையில் இன்னொரு முறை. இத்தகைய பொருள்களை ஆராய்வதே பாசிச ஏக்கத்திற்குத் தீனி போடுவதாகும் என முற்போக்காளர் சிலர் கருதுவதுண்டு. அக்கவலையை அலட்சியம் செய்தலாகாது. ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிடுவதனால் அச்சந்தை மூடப்படுவதில்லை. அறிவு மட்டுமே அதன் கைக்குப் போய்விடுகின்றது. மேலும், பொய்ப்பொருளொன்று நூதனசாலையில் இடம்பெற்றுப் பின்னர் அம்பலமாகுமாயின், உண்மையான கொடுமைகளையே மறுக்க முனைவோருக்கு அது வாய்ப்பான ஆயுதமாகும்.

எனவே, நூதனசாலைகளும் பல்கலைக்கழகங்களும் இப்பொருள்களின் விவரப் பதிவில் மாதிரியையும் ஆண்டையும் குறிப்பதோடு அமையாது, தொழிற்சாலைக் குறியீட்டை அவிழ்த்து, அத்தொழிற்சாலையில் யாருடைய உழைப்பு எந்நிலைமையிற் பயன்படுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தெழுதுதல் அவசியம். தைத்தவரின் பெயரை இனி அறிய முடியாத சட்டைகளே பெரும்பாலானவை. எனினும், அவர் தைத்த இடத்தையும் காலத்தையும் அச்சட்டையின் உட்புறத்திலுள்ள இலக்கத்திலிருந்து பல வேளைகளில் அறிந்துகொள்ள இயலும்.