‘சிகிச்சை’ என்னும் சொல்லின் எல்லை: மூத்த குடிமக்கள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு பற்றி ஒரு மறுபரிசீலனை

முதியோரின் நெடுநாட் பராமரிப்புச் செலவைப் பொதுக் காப்பீடு ஏற்பதற்கு நம் நாட்டில் சட்ட ஆதாரமே இல்லை என்பதும், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அச்சுமையைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றி அரசை விடுவித்துவிட்டது என்பதும் ஆய்வாளர் சிலரிடையே ஏறக்குறையச் சித்தாந்தமாகவே நிலைத்துவிட்டன. சட்டத்தின் முற்பகுதியை மட்டும் ஊன்றிப் படித்ததன் விளைவே இவ்வபிப்பிராயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

20-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, அரசு மருத்துவமனைகளும் அரசின் பொருளுதவி பெறுவனவும் மூத்த குடிமக்கள் யாவருக்கும் இயன்றவரை படுக்கை அளிக்கவேண்டும் என்கிறது. மூன்றாவது உட்பிரிவோ, நாட்பட்டனவும் இறுதிநிலையை எட்டியனவும் உடலைப் படிப்படியாகச் சிதைப்பனவுமான நோய்களின் சிகிச்சைக்குரிய வசதி விரிவுபெறுவதை மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. முன்னதில் உள்ள ‘மருத்துவமனை’யும் ‘இயன்றவரை’யும் பின்னதில் இல்லை. ஐந்தாவதில் மாவட்ட மருத்துவமனை என்று வெளிப்படையாகவே எழுதியவர்கள் மூன்றாவதில் மட்டும் மறந்துபோனார்கள் என்று கொள்வதற்கு இடமில்லை.

‘சிகிச்சை’ என்பது வைத்தியனின் செயலேயன்றிச் சுச்ரூஷை ஆகாது என்பர். பராமரிப்புக்கு இலக்கணம் கூறும் இரண்டாம் பிரிவு மருத்துவக் கவனிப்பையும் சிகிச்சையையும் தனித்தனியே எண்ணுவதைச் சான்றாகவும் காட்டுவர். வலுவான ஆட்சேபம்தான். ஆயினும், குணமாக்கும் வழி முடிந்துபோன நோயையே இறுதிநிலை நோய் என்கிறோமாதலின், அதற்கும் சிகிச்சை உண்டென்று சட்டம் சொல்லும்போது அச்சொல் சுச்ரூஷையையும் தழுவியாக வேண்டும். இன்றேல் அவ்வடைமொழி வெற்றுச் சொல்லாகும். கேரள அரசு 2008-இல், அதாவது மறு ஆண்டிலேயே, வெளியிட்ட வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கை வீட்டையே அச்சிகிச்சையின் களமாக்கிற்று. (மருந்து அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர் அருகிருந்து பேணும் உழைச்செல்வானையும் ஒரு கூறாக வைத்தார்; சட்ட வியாக்கியானத்துக்கு அது பிரமாணமன்று, எனினும் நினைவுக்கு வருகிறது.)

திருவனந்தபுரத்துப் பழவங்காடிக் கணபதி கோயிலில் சிதறுகாய் உடைபடும் ஓசை எட்டும் தூரத்திலுள்ள ஒரு வீட்டில், பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட தாயாரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் மகள், கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ‘வலம்’, ‘இடம்’ என்று நேரத்தோடு குறித்துவருகிறார். எல்லோரும் ‘பாலியேட்டிவ்’ என்றே சொல்லும் வலிதணிப்புச் சேவையின் நர்ஸ் மாதம் ஒருமுறை வந்து சிறுநீர்க் குழாயை மாற்றிவிட்டு, முதுகைப் பார்க்குமுன் அத்தாள்களைப் பார்க்கிறார். படுக்கைப்புண் வராதிருப்பதற்குக் காரணம் அத்தாள்களே. புண் வந்து மருத்துவமனையில் சேர்த்தாலோ, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்கும் கேரள அரசின் காப்பீடான காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி முன்வந்து நிற்கும். 2024-இல் எழுபது வயதானோர் அனைவருக்கும் வருமானம் பாராது விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத்தும் மருத்துவமனைச் சேர்க்கையையே அடிப்படையாகக் கொண்டு, வீடு திரும்பியபின் 15 நாட்களோடு கைகழுவிக்கொள்கிறது. மகளின் உழைப்புக்கென மாநிலத்தில் இருப்பது, ‘கிடப்பு ரோகி’களைப் பராமரிப்போருக்கு மாதம் 600 ரூபாய் அளிக்கும் ஆஸ்வாஸகிரணம் ஒன்றே. தொகை அற்பமாயினும், பராமரிக்கிறவருக்கே பணம் தருவதென்னும் தத்துவத்தை அரசு இதில் ஒப்புக்கொண்டுவிட்டது. அதனை நலத்துறைத் தருமமாக நிறுத்திவைத்திருப்பதைவிட 20-ஆம் பிரிவின் கடமையாகக் கொண்டு காப்பீட்டில் சேர்ப்பதே வாசகத்துக்குப் பொருந்தும். கஜானா தாங்காது என்பார்க்கு, அது நிதியமைச்சர் கவலையேயன்றி வாக்கியத்தின் பொருளன்று என்பதே விடை.

முதியோர் விடுதியின் அறை வாடகையை இவ்வாசகத்துக்குள் அடக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வறியோர்க்கான இல்லங்களைக் கூறும் 19-ஆம் பிரிவு வேறு. அமெரிக்காவில் வறியோர்க்கான பொதுக் காப்பீடாகிய மெடிக்கெய்டும், உதவியுடன் வாழும் விடுதிகளைப் பொறுத்தவரை, அறைக்கும் உணவுக்கும் பணம் தருவதில்லை. கவனிப்புக்கு மட்டும், அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட நிபந்தனைகளோடு, தருகிறது. நம் காப்பீடோ கட்டிலுக்குத் தந்து கவனிப்பை வீட்டார் கணக்கில் எழுதிவிடுகிறது.