தாத்தா குண்டா இருந்தாரா? டிவி திரைக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை

1. இன்னைக்கு நோய் பற்றிப் பேசப் போவதில்லை. உங்க வீட்டு டிவியில் முகங்கள் ஏன் அகலமாகத் தெரிகின்றன என்று பார்க்கப் போகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2. போன மாசம் அப்பாவின் நினைவு நாள். 1986-ல் நடந்த அப்பா அம்மா கல்யாணத்தின் வீடியோ கேசட்டை பென் டிரைவில் மாற்றி வாங்கி, வீட்டு டிவியில் போட்டோம். என் மகள் தாத்தாவை நேரில் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தாத்தா இவ்ளோ குண்டாப்பா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "இல்லடா தங்கம், உங்க தாத்தா ஒல்லிக்குச்சி" என்றார். அப்போதுதான் கவனித்தேன். திரையில் ஆரத்தித் தட்டு வட்டமாக இல்லை. முட்டை வடிவத்தில் இருந்தது.

3. வியாதிக்கு மருந்து எழுதும் முன் ஹிஸ்டரி கேள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். டிவிக்கும் அதையே செய்வோம். 1890களின் தொடக்கம், அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடம். அங்கே வேலை பார்த்த டபிள்யூ. கே. எல். டிக்சன், 35 மி.மீ. அகலமுள்ள பிலிம் சுருளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்தில் நான்கு துளைகள். படத்தின் அகலம் ஒரு அங்குலம், உயரம் முக்கால் அங்குலம். அதாவது 4:3. கிட்டத்தட்ட சதுரம் போன்ற அந்த வடிவம்தான் சினிமாவின் முதல் சட்டம்.

4. பேசும் படம் வந்ததும் பிலிமின் ஒரு ஓரத்தை ஒலிக்காக ஒதுக்க வேண்டி வந்தது. 1932-ல் ஹாலிவுட் அளவைச் சற்றே திருத்தி 1.37:1 என்று வைத்துக்கொண்டது. பெரிய மாற்றமில்லை. 1941-ல் அமெரிக்கா டிவிக்குத் தரநிலை வகுத்தபோது, சினிமாவின் அதே 4:3-ஐ எடுத்துக்கொண்டது. சினிமாவும் டிவியும் ஏறக்குறைய ஒரே வடிவம். அதுவரை பிரச்சினையே இல்லை.

5. 1950களில் டிவி வீடுகளுக்குள் வேகமாக நுழைந்தது. தியேட்டரில் கூட்டம் குறைந்தது. "வீட்டில் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தால்தான் ஜனங்க வருவாங்க" என்று சினிமாக்காரர்கள் முடிவு செய்தார்கள். 1952-ல் மூன்று புரொஜெக்டர்களை வைத்துக் காட்டும் சினிராமா வந்தது. 1953-ல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. பிரான்சைச் சேர்ந்த ஆன்ரி கிரெட்டியன் 1920களிலேயே உருவாக்கி வைத்திருந்த லென்ஸ்தான் அதற்கு அடிப்படை. எடுக்கும்போது படத்தைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி பிலிமில் பதியும். காட்டும்போது வேறொரு லென்ஸ் அதை விரித்துவிடும். நெருக்கியதைச் சரியாக விரித்தால்தான் மனிதன் மனிதனாகத் தெரிவான். இந்த ஒரு வரியை மட்டும் மனசில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

6. இந்தியாவில் 1959-ல் குரு தத்தின் 'காகஸ் கே பூல்' சினிமாஸ்கோப்பில் வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதன் பிறகுதான் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது, 1975-ல். நம்ம வீட்டுப் பழைய டிவி எல்லாமே 4:3. 2006-க்குப் பிறகு தமிழக அரசு கொடுத்த இலவச கலர் டிவியும் அதே வடிவம்தான். 2.35:1 அகலப் படத்தை அந்தப் பெட்டி முழுக்க நிரப்பிக் காட்டினால், படத்தின் அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் வெட்டுப்படும். இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருத்தர் மூக்கு மட்டும் தெரிந்தது நினைவிருக்கா? அதான் காரணம். வெட்டாமல் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும்.

7. அப்போ இந்த 16:9 எங்கிருந்து வந்தது? 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், அன்று புழக்கத்தில் இருந்த திரை வடிவங்களை ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக்கி, மையம் பொருந்த ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் வெளியே சுற்றி அடைக்கும் செவ்வகமும், எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே கிடைக்கும் செவ்வகமும் ஒரே விகிதத்தில் வந்தன. சுமார் 1.78:1. அதுதான் 16:9. ஆக, உங்க வீட்டு அகலத்திரை டிவியின் வடிவம், பழைய டிவிக்கும் சினிமாஸ்கோப்புக்கும் நடுவில் செய்துகொண்ட ஒரு சமரசம். சமரசம் என்றால் இரண்டு பேருக்குமே முழுசாகப் பொருந்தாது, இல்லையா? அந்தப் பொருந்தாத மிச்ச இடம்தான் கறுப்புப் பட்டை.

8. இப்போ டயக்னோசிஸ். 4:3 படத்தை 16:9 திரையில் ஒழுங்காகக் காட்டினால், இரண்டு பக்கமும் சேர்த்துத் திரையில் கால்வாசி காலியாக இருக்கும். "காசு கொடுத்துப் பெரிய டிவி வாங்கிட்டு இடத்தை ஏன் சும்மா விடணும்?" என்று நாம் ரிமோட்டை அழுத்தி இழுத்துவிடுகிறோம். உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. என் அப்பாவுக்கு ஒரு கிராம்கூட ஏறவில்லை. இழுத்தது டிவிதான்.

9. "பழகிடுச்சு டாக்டர், எனக்கு வித்தியாசமே தெரியல" என்பீர்கள். அதுதான் ஆபத்து. எக்ஸ்ரேவில் இதயத்தின் அகலத்தை மார்புக்கூட்டின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பெரியவர்களுக்குப் பாதிக்கு மேல் போனால் இதயம் பெரிதாக இருக்கலாம் என்று சந்தேகிப்போம். அந்தப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டினாலும் இரண்டு அகலமும் சேர்ந்தே கூடுவதால் விகிதம் மாறாது. ஆனால் அளக்காமல் வெறும் கண்ணால் பார்த்தால் இதயம் உப்பித் தெரியும். கண் ஏமாறும், ஸ்கேல் ஏமாறாது. அதனால் திரையில் வட்டமான ஒரு பொருள் நேராகத் தெரியும்போது படத்தை நிறுத்தி, ஸ்கேல் வைத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமா? அப்போ சரி.

10. இனி சிகிச்சை.

முகம் குண்டாகத் தெரிந்தால்: டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய் ஆட்டோ, ஒரிஜினல் அல்லது 4:3 வையுங்கள்.

முகம் ஒல்லியாக நீண்டு தெரிந்தால்: அகலப் படம் 4:3-க்குள் நெருக்கப்பட்டிருக்கிறது. டிவியை 16:9-க்கு மாற்றுங்கள்.

நாலு பக்கமும் கறுப்பாக, படம் தபால் தலை மாதிரி நடுவில் நின்றால்: செட்டாப் பாக்ஸ் இன்னும் பழைய டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பாக்ஸின் மெனுவில் டிவி வடிவத்தை 16:9 ஆக்குங்கள். டிவியும் பாக்ஸும் தனித்தனி நோயாளிகள். இரண்டையும் பார்க்கணும்.

ஜூம் வைத்தால் முகம் சரியாக இருக்கும், ஆனால் 4:3 படத்தில் மேலும் கீழுமாகக் கால்வாசி வெட்டுப்படும். தலை போகும், வசன வரியும் போகும்.

11. பழைய கேசட்டை மாற்றக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "4:3-லேயே கொடுங்க, திரைக்கு இழுக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கனவே இழுத்துப் பதிந்து கொடுத்துவிட்டார்களா? பயப்படாதீங்க. டிவியை 4:3-ல் வைத்தால் அகலம் பழையபடி சுருங்கி முகம் திரும்பி வந்துவிடும். சினிமாஸ்கோப் லென்ஸ் செய்த அதே வேலை, தலைகீழாக. மூல கேசட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

12. அன்றைக்கு நான் 4:3-க்கு மாற்றினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. தட்டு வட்டமானது. நடுவில் கன்னம் ஒட்டிய ஒரு இளைஞர், மாலையின் கனம் தாங்காமல் நின்றுகொண்டிருந்தார். அம்மா எதுவும் பேசவில்லை. நாற்காலியை இழுத்து டிவிக்குக் கிட்டே போட்டுக்கொண்டார். மகள் மட்டும் கேட்டாள், "சைடுல ஏன்பா கறுப்பா இருக்கு?" "அங்க ஒண்ணும் இல்லடா, தாத்தா நடுவுலதான் இருக்கார்" என்றேன்.

13. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மா வீட்டு டிவியை ஒரு நிமிஷம் பாருங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் ரிமோட்டை எடுக்கணும்.