கல்லில் வரைந்த களமும் ஒளியில் விரிந்த களமும்



காவிரியின் வடகரையில், வெற்றிலைக் கொடிக்கால்களின் நடுவே அமைந்த ஊர் பரமத்தி வேலூர். என் இளமையில் அங்கே வேப்பமரத்தடிக் கல்லின்மேல் கரித்துண்டால் கோடிட்டு ஆடுபுலி ஆடுவோம். புலிகள் 3, ஆடுகள் 15, கோடுகள் கூடும் புள்ளிகள் 23. ஆடுவோர்க்கும் சூழ்ந்து நிற்போர்க்கும் களம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். காயைக் கள்ளமாக நகர்த்தினால் பத்துக் குரல்கள் ஒருங்கே எழும். ஆதலால் அவ்வாட்டத்திற்கு நடுவர் தேவைப்படவில்லை.

சென்ற ஆண்டு அதே ஊரில், என் தங்கை மகனின் வீட்டில் வேறொரு களத்தைக் கண்டேன். கூரையில் பொருத்திய புரொஜெக்டர் ஒரு கோட்டையின் வரைபடத்தை மேசைமீது ஒளியாக வீழ்த்தியது. இளைஞர் நால்வர் வீரர்களாகவும் வணிகர்களாகவும் வேடம் ஏற்றுக் கதையாக ஆடினர். என் மருமகன் நடுவன். படத்தின் பெரும்பகுதியை இருள் மூடியிருந்தது. ஆடுவோர் ஓர் அறைக்குள் நுழைந்ததும், அவன் கணிப்பொறியைத் தட்டி அவ்வறையின் இருளை மட்டும் விலக்கினான்.

இவ்வழக்கம் புதியதன்று. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் படை அலுவலர் 1824-இல் ஒரு போர் விளையாட்டின் விதிகளை வெளியிட்டார். சதுரங்கக் கட்டங்களுக்கு மாறாக உண்மையான நிலப்படத்தின்மீது அது ஆடப்பட்டது. எதிரிப் படையில் தம் படைக்குத் தென்படக்கூடியது மட்டுமே ஒவ்வொரு தரப்பாருக்கும் தெரியும். மற்றதை நடுவரே அறிவார். 1974-இல் அமெரிக்கர்களாகிய கைகாக்ஸும் ஆர்னெஸனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டத்திலும் நடுவரிடமே வரைபடம் இருந்தது.

ஒளியால் படம் காட்டும் கலையும் பழையதே. 1659-லேயே ஹாலந்து அறிஞர் ஹைகன்ஸ் மாயவிளக்கை அமைத்தார். நம் நாட்டில் 1905-இல், திருச்சிராப்பள்ளி இரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவி ஒன்றை வாங்கி, ஊர் ஊராகச் சென்று திரைப்படம் காட்டினார். 1987-இல் ஹார்ன்பெக் என்னும் அமெரிக்கர், ஒரு சிறு சில்லின்மேல் நுண்ணிய ஆடிகள் சாய்ந்து நிமிரும் கருவியைப் படைத்தார். ஒவ்வோர் ஆடியும் ஒளியைத் திரைக்கு அனுப்பும், அல்லது விலக்கும். இன்றைய பல புரொஜெக்டர்களின் உள்ளம் இதுவே. இப்படிப் போர்க்களப் படமும் ஒளிப்படமும் ஒரே மேசையில் வந்து சேர்ந்தன.

அக்கருவிக்குக் குறையும் உண்டு. காயை நகர்த்தக் கை நீட்டினால், கையின் நிழல் கோட்டையின் ஒரு பகுதியை மறைத்துவிடும். ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது அந்நிழலன்று.

ஆட்டம் முடிந்ததும் மருமகன் தயங்கியபடி, “மாமா, கடைசி அறையில் இருந்த படுகுழி முதலில் படத்தில் இல்லை. இவர்கள் எளிதில் வென்றுவிடுவார்களோ என்று நான் அப்பொழுதுதான் வைத்தேன்” என்றான். நண்பர்கள் சிரித்தனர், ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய வீரன்தான் குழியில் விழுந்து மாண்டவன். “நீ சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இராது” என்றான் அவன்.

எவ்வளவு உண்மையான சொல்! கல்லில் கோடு மாறினால் ஊரே சாட்சி. இருளுக்குள் கோடு மாறினால், மாற்றியவனின் மனச்சான்று ஒன்றே சாட்சி. களம் எவ்வளவுக்கு மறைகிறதோ, அவ்வளவுக்கு நடுவனின் நேர்மை ஓங்கவேண்டும். வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவன் பிறர்க்கில்லாத வலிமையைப் பெறுகிறான். ஆட்டத்திற்கு மட்டுமா இது பொருந்தும்?

மறுநாள் மாலை அந்நால்வரும் மீண்டும் வந்தனர். அந்தக் குழியை நீக்கிவிட்டு, அதே அறையிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கினான் என் மருமகன். மாண்ட வீரன் எழுந்து நடந்தான். அவனை ஆடியவன் அன்று சிரித்தான்.